பித்தப்பை அறுவையின் வரலாறும் அது புகட்டும் பாடமும்

ஆண்டு விழா மலர் என்றால் அதில் இலக்கியம் உண்டு. இசையும் கூத்தும் பற்றிய கட்டுரைகள் உண்டு. சங்கத்தின் வரவு செலவுக் கணக்கும் உண்டு. அறுவைச் சிகிச்சையின் வரலாறு இங்கு எதற்கு என்று அன்பர்கள் வினவக்கூடும். வினவுவது முறையே. விடையாக, நம் குடியிருப்பில் சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றை முதலில் கூறிவிடுகிறோம்.

நம் சங்கத்து நூல்நிலையத்தை நெடுங்காலம் கவனித்து வந்த பெரியவர் ஒருவருக்குப் பித்தப்பையில் கல் இருப்பதாகக் கண்டறிந்தனர். இம்மும்பை நகரத்து மருத்துவமனை ஒன்றில், வயிற்றில் நான்கு சிறு துளைகள் இட்டு அவற்றின் வழியே பித்தப்பையை அகற்றிவிடுவதாகவும், மூன்றாம் நாள் வீடு திரும்பலாம் என்றும் கூறினர். குறித்த நாளில் குடும்பத்தாரோடு நாமும் சென்று வெளியே காத்திருந்தோம். இரண்டு மணி நேரம் கழிந்தபின் அறுவை மருத்துவர் கதவைத் திறந்துகொண்டு வந்து, "உள்ளே அழற்சி மிகுதியாக இருக்கிறது. நாளங்கள் தெளிவாகத் தெரியவில்லை. வயிற்றைத் திறந்துதான் செய்ய வேண்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே சென்றார். பெரியவரின் மகனுக்குச் சினம் பொங்கியது. "நாலு துளை என்று சொன்னார்களே! கைத்திறன் இல்லாதவரிடம் அப்பாவை ஒப்படைத்துவிட்டோமே!" என்று நம்மிடம் வருந்தினார். நாமும் அன்று அவர் கூறியதற்கு ஆமாம் என்றே தலையசைத்தோம்.

பின்னர் இப்பொருள் பற்றி நூல்களைத் தேடிப் படித்தோம். மருத்துவ அன்பர்களிடம் கேட்டறிந்தோம். அப்பொழுதுதான் அன்று நாம் அசைத்த தலையை எண்ணி வெட்கினோம். நாம் பழித்த அம்மருத்துவர் செய்ததே செம்மையான மருத்துவம். அஃது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உறுப்பும் அதன் அயலும்

கல்லீரலின் அடிப்புறத்தில் பேரிக்காய் வடிவில் ஒட்டியிருக்கும் சிறு பையே பித்தப்பை. அதன் நீளம் ஏறத்தாழ 7 முதல் 10 சென்டிமீட்டர். கல்லீரல் நாள்தோறும் அரை லிட்டருக்கு மேல் பித்தநீரைச் சுரக்கிறது. அதில் ஒரு பகுதியைச் சேர்த்துச் சுண்டவைத்து, நாம் உண்ணும் பொழுது குடலுக்குள் பாய்ச்சுவது இப்பையின் பணி. பித்தநீரில் கரைந்துள்ள கொழுப்பும் நிறமிகளும் அளவு மீறும் பொழுது படிந்து கல்லாகின்றன.

இந்தியாவிலும் இந்நோய் எங்கும் ஒரே அளவில் காணப்படுவதன்று. 1968-ஆம் ஆண்டில் எஸ். எல். மல்ஹோத்ரா என்னும் மருத்துவர், இரயில்வே ஊழியரிடையே நிகழ்த்திய ஆய்வு ஒன்றை வெளியிட்டார். தென்னாட்டவரை நோக்க, வடநாட்டவரிடையே பித்தப்பைக் கல் ஏறத்தாழ ஏழு மடங்கு மிகுதி என்பது அவர் கண்ட முடிவு. உணவு, பழக்கம் எனக் காரணங்கள் பல கூறுவர். தெற்கே பிறந்து வடக்கிலும் மேற்கிலும் குடியேறி, இவ்வூர் உணவையும் உண்டு வாழும் நம்மனோர் அறிந்துகொள்ளத்தக்க செய்தி இது.

இனி, அறுவையின் இடர் எங்குள்ளது என்பதைப் பார்ப்போம். பித்தப்பையின் கழுத்திலிருந்து ஒரு சிறு நாளம் புறப்படுகிறது. இதனைப் பித்தப்பை நாளம் என்போம். கல்லீரலிலிருந்து கீழே இறங்கி வருவது கல்லீரல் நாளம். இவ்விரண்டும் கூடி ஒன்றாகிப் பொதுப் பித்தநாளம் என்னும் பெயரோடு சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் சேர்கின்றன. ஆற்றோடு வாய்க்கால் சேர்வதை நினைத்துக்கொண்டால் போதும். வாய்க்காலை அடைத்துவிட்டால் பேராறு தன் போக்கில் ஓடும். பேராற்றையே வெட்டிவிட்டால் ஊருக்கே கேடு. பித்தப்பையை அகற்றும் மருத்துவர் வெட்டவேண்டியவை இரண்டே: பித்தப்பை நாளம் ஒன்று, அப்பைக்குக் குருதி கொணரும் தமனி மற்றொன்று. அருகிலுள்ள பொதுப் பித்தநாளத்தின் அகலமோ சுமார் 6 மில்லிமீட்டருக்குள்தான். அதனைப் பித்தப்பை நாளம் என்று மயங்கி வெட்டிவிடுவதே இவ்வறுவையில் அஞ்சத்தக்க பிழையாகும்.

இதனினும் பெரிய இடர், இவ்வமைப்பு எல்லோரிடத்தும் ஒரே வகையாக இராமை. சிலரிடம் பித்தப்பை நாளம் மிகக் குறுகியது. சிலரிடம் அது பொது நாளத்தோடு ஒட்டி நெடுந்தூரம் இணையாக ஓடிப் பின்னரே கலக்கும். சிலரிடம் வலப்பக்கத்துக் கல்லீரல் தமனி நெளிந்து வளைந்து பித்தப்பையை ஒட்டியே செல்லும். புத்தகத்துப் படத்தை மட்டும் நம்பி வெட்டுபவர் வழி தவறுவது எளிது.

பெர்லின் நகரத்துத் துணிவு

1867-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் ஜான் ஸ்டஃப் பாப்ஸ் என்பவர் ஒரு பெண்ணின் வயிற்றைத் திறந்து பித்தப்பையைக் கீறி, அதனுள் இருந்த கற்களை எடுத்தார். பையோ உள்ளேயே இருந்தது. கல் உண்டாகும் இடம் அப்படியே நிற்கக் கல்லை மட்டும் எடுப்பதால் நிலைத்த பயன் யாது என்னும் வினா எழுந்தது.

அவ்வினாவுக்கு விடை கண்டவர் பெர்லின் நகரத்து லாசரஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் கார்ல் லாங்கன்புக். பித்தப்பை இன்றி மனிதன் வாழ முடியுமா என்பதை அவர் எண்ணிப் பார்த்தார். யானைக்கும் குதிரைக்கும் பித்தப்பை இல்லை. அவை வலிமையோடு வாழ்கின்றன. விலங்குகளின் பித்தப்பையை அகற்றியும் அவை பிழைத்திருந்ததைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே சிலர் கண்டிருந்தனர். பிணங்களில் பலமுறை பயின்றபின், 1882-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15-ஆம் நாள், பதினாறு ஆண்டுகள் வலியில் துடித்த 43 வயது மனிதர் ஒருவரின் பித்தப்பையை லாங்கன்புக் முழுமையாக அகற்றினார். நோயாளி நலமடைந்தார். கற்களைச் சுமப்பதனால் அன்று, கற்களைப் படைப்பதனால்தான் அப்பையை எடுக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நூறாண்டுகள் கடந்தும் அக்கொள்கை நிலைபெற்று நிற்கிறது.

அடுத்த பத்தாண்டுக்குள், 1891-இல், பாரிஸ் நகரில் ழான் பிரான்சுவா கலோ என்னும் இளம் மருத்துவர் பித்தப்பை அகற்றுதல் பற்றித் தம் ஆய்வேட்டில் எழுதினார். பித்தப்பை நாளம், கல்லீரல் நாளம், பித்தப்பைத் தமனி ஆகிய மூன்றும் சேர்ந்து அமைக்கும் முக்கோணத்தை அவர் விளக்கினார். இன்று அம்முக்கோணத்தின் மேல் எல்லையைக் கல்லீரலின் அடிப்புறமாகக் கொள்கின்றனர். எனினும் கலோவின் பெயர் அதனை விட்டு நீங்கவில்லை. உலகில் எங்கு அறுவை மருத்துவம் பயில்வோரும் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளும் முக்கோணம் அது. பித்தப்பைத் தமனி பெரும்பாலும் அதனுள்தான் ஓடுகிறது.

ஓர் அமைச்சரின் துயரம்

படம் வரைந்து காட்டிய பின்னும் பிழை நிற்கவில்லை. அதற்கு உலகறிந்த சான்று பிரிட்டனின் அந்தோணி ஈடன். 1953-இல் அவர் அந்நாட்டின் வெளிநாட்டு அமைச்சர். முதுமையடைந்த சர்ச்சிலுக்குப்பின் பிரதமர் பதவி அவருக்கே என்று எல்லோரும் எதிர்பார்த்த காலம். அவ்வாண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் இலண்டனில் அவருடைய பித்தப்பை அகற்றப்பட்டது. வயிற்றை நன்கு திறந்து செய்த அறுவைதான். ஆயினும் பித்தநாளம் காயமுற்றது. அத்திங்களிலேயே மறுமுறை அறுவை செய்ய நேர்ந்தது. அதுவும் போதாமல், ஜூன் திங்களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குச் சென்று, பித்தநாளச் சீரமைப்பில் பேர்பெற்ற ரிச்சர்ட் கட்டெல் என்பவரிடம் மூன்றாம் முறை அறுவை செய்துகொண்டார். அவர் பாஸ்டனில் இருந்தபொழுதே இலண்டனில் சர்ச்சிலுக்குப் பக்கவாதம் கண்டது. பதவிக்கு உரியவரோ கடல் கடந்து படுக்கையில் இருந்தார்.

ஈடன் 1955-இல் பிரதமர் ஆனார். ஆனால் காயமுற்ற நாளம் அவரை விட்டபாடில்லை. 1956-இல் சூயெஸ் கால்வாய் நெருக்கடி முற்றிய நாட்களில் கடுங்காய்ச்சலால் அவதியுற்றார். 1957 ஜனவரியில் உடல்நலக் குறைவைக் காரணமாகக் கூறிப் பதவி துறந்தார். சூயெஸ் முடிவுகளில் அந்நோய்க்கு எவ்வளவு பங்கு உண்டு என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகின்றனர். ஒரு பேரரசின் அமைச்சருக்கே இந்நிலை எனில், பித்தநாளக் காயம் எளிய குடும்பம் ஒன்றுக்கு எத்தகைய சுமையாகும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

துளையின் வழியே ஒளி

வயிற்றைத் திறக்காமல் உள்ளே பார்க்கும் முயற்சி பழமையானது. 1901-இல் ஜெர்மனியின் கெயார்க் கெல்லிங் ஒரு நாயின் வயிற்றினுள் காற்றைச் செலுத்திக் குழாய்க் கண்ணாடியால் உள்ளே நோக்கிக் காட்டினார். 1910-இல் சுவீடனின் யாகோபேயஸ் மனிதரிடம் அதனைச் செய்தார். அதன்பின் நெடுங்காலம் இது நோயறியும் கருவியாகவும், பெண்நோய் மருத்துவரின் கருவியாகவுமே இருந்தது. ஜெர்மனியின் கீல் நகரத்துப் பெண்நோய் மருத்துவர் குர்ட் செம் 1980-இல் இம்முறையில் குடல்வாலை அகற்றினார். அறுவை மருத்துவர் பலர் அதனை வரவேற்கவில்லை.

1985-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள், ஜெர்மனியின் போப்லிங்கன் என்னும் சிற்றூரில் எரிக் மூஹே என்பவர் துளையின் வழியே ஒரு பித்தப்பையை அகற்றினார். உலகில் அதுவே முதன்முறை. மறு ஆண்டு ஜெர்மன் அறுவை மருத்துவர் பேரவையில் அவர் தம் அனுபவத்தை எடுத்துரைத்தபொழுது ஏளனமே கிடைத்தது. அதே பேரவை 1992-இல் அவருக்குப் பரிசளித்துத் தன் பிழையைத் திருத்திக்கொண்டது. 1987-இல் பிரான்சின் லியோன் நகரில் ஃபிலிப் மூரே, ஒரு பெண்மணிக்குப் பெண்நோய்ச் சிகிச்சை செய்த கையோடு, அதே துளைகளின் வழியாகப் பித்தப்பையையும் எடுத்தார். 1989-இல் போர்டோ நகரத்து ழாக் பெரிஸா அமெரிக்காவின் லூயிவில் மாநாட்டில் இவ்வறுவையின் ஒளிப்படத்தைக் காட்டினார். அதன்பின் இம்முறை காட்டுத்தீயெனப் பரவிற்று. 1992-இல் அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய அறிஞர் அவை, பித்தப்பைக் கல் நோயாளருள் பெரும்பாலோருக்கு இது பாதுகாப்பான, பயன்தரும் சிகிச்சை என ஏற்றது.

இந்தியாவில் இதன் தொடக்கம் நம் மும்பையிலேயே நிகழ்ந்தது என்பதை இங்கு வாழும் தமிழர் பலர் அறியார். டெஹம்டன் உத்வாடியா என்னும் அறுவை மருத்துவர் 1972-லிருந்தே நோயறிய லாபராஸ்கோப்பைப் பயன்படுத்தி வந்தார். விலையுயர்ந்த சோதனைக் கருவிகள் அரிதாயிருந்த நாட்டில், ஏழைக்கு விரைவில் நோயறிந்து கூற இதுவே வழி என்பது அவர் எண்ணம். 1990-இல் பைகுல்லாவை அடுத்த ஜே. ஜே. மருத்துவமனையில், இந்தியாவில் முதன்முறையாக நுண்துளை வழியே பித்தப்பையை அவர் அகற்றினார். இந்திய அரசு அவருக்கு 2006-இல் பத்மஸ்ரீயும் 2017-இல் பத்மபூஷணும் வழங்கிச் சிறப்பித்தது. 2023-இல் அவர் மறைந்தார். தினக்கூலி பெறுபவன் விரைவில் வேலைக்குத் திரும்ப வேண்டும்; ஆதலால் இவ்வறுவை செல்வர்க்கு மட்டும் உரியதன்று என்று அவர் வாதாடி வந்ததை நாம் நன்றியோடு நினைத்தல் தகும்.

புதுமைக்குக் கொடுத்த விலை

துளை சிறிது, வலி குறைவு, வடு சிறிது, வீடு திரும்பும் நாளும் விரைவு. ஆனால் ஒரு குறையும் உடன் வந்தது. வயிற்றைத் திறந்து செய்த காலத்தில் பித்தநாளக் காயம் ஆயிரம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ நேர்ந்தது. புதிய முறை பரவிய முதல் ஆண்டுகளில் அது ஆயிரத்துக்கு நால்வர், ஐவர் என உயர்ந்தது.

காரணம் யாது? திறந்த வயிற்றில் மருத்துவர் விரலால் தொட்டுப் பார்க்கலாம், ஆழம் அறியலாம். நுண்துளை அறுவையிலோ திரையில் தெரியும் தட்டையான படமே துணை. அதிலும் ஒரு மயக்கம் உண்டு. பித்தப்பையின் தலையை மேலே தூக்கி, கழுத்தையும் அதே திசையில் இழுத்தால், பித்தப்பை நாளமும் பொதுப் பித்தநாளமும் ஒரே நேர்க்கோட்டில் வந்துவிடும். இரண்டும் ஒரே நாளமெனத் தோன்றும். அதனைப் பித்தப்பை நாளம் என்று நம்பிக் கிளிப் போட்டு வெட்டிவிட்டால், வெட்டுண்டது பேராறு!

கலிபோர்னியாவின் லாரன்ஸ் வே என்பவரும் அவர் குழுவினரும் இத்தகைய 252 காயங்களை ஆராய்ந்து 2003-இல் முடிவை வெளியிட்டனர். அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றேழில் முதற்காரணம் கைத்திறன் குறைவன்று, கண்ணின் மயக்கமே. மருத்துவர் தாம் காண்பது பித்தப்பை நாளம் என்று உறுதியாக நம்பினார், நம்பியதையே கண்டார், மாறான அறிகுறிகள் தோன்றிய பின்னும் நம்பிக்கை அசையவில்லை. கைத்திறனில் பிழை என்று கூறத்தக்கவை நூற்றுக்கு மூன்றே.

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பாட்டிமார் வழக்கு ஒன்று உண்டு. அம்மூதாட்டியர் அறுவைக் கூடத்தைக் கண்டவரல்லர். ஆயினும் அக்கூடத்தின் சுவரில் எழுதிவைக்கத்தக்க சொல் அது.

தீர விசாரிக்கும் முறை

விசாரிப்பது எவ்வாறு? இதற்கு நெறி வகுத்தவர் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க். 1995-இல் அவர் குழுவினர் வெளியிட்ட கட்டுரையில், எதையேனும் வெட்டுமுன் கண்டே தீரவேண்டிய காட்சி ஒன்றை வரையறுத்தனர். பாதுகாப்புக் காட்சி என்று அதனைத் தமிழில் கூறலாம். அதற்கு மூன்று விதிகள் உண்டு.

முதலாவது, முக்கோணத்தில் உள்ள கொழுப்பும் நாரும் முற்றிலும் நீக்கப்பட வேண்டும். இரண்டாவது, பித்தப்பையின் அடிப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கேனும் கல்லீரலிலிருந்து பிரிக்கப்பட்டு, அது ஒட்டியிருந்த படுகை கண்ணுக்குத் தெரிய வேண்டும். மூன்றாவது, பித்தப்பைக்குள் நுழைவன இரண்டே என்பது ஐயமறப் புலப்பட வேண்டும். ஒன்று குறைந்தாலும் மிகுந்தாலும் வெட்டலாகாது. இம்மூன்றும் நிறைவேறிய பின்னரே கிளிப்பும் கத்தரியும்.

இந்நெறி முற்றிலும் புதியதன்று. வயிறு திறந்து செய்த காலத்தில், பித்தப்பையைக் கல்லீரலிலிருந்து முழுதும் பிரித்து, அது இரண்டு காம்புகளில் மட்டும் தொங்குவதைக் கண்ட பின் வெட்டும் வழக்கம் இருந்தது. அப்பழைய ஒழுக்கத்தையே புதிய முறைக்கு ஏற்ப ஸ்ட்ராஸ்பெர்க் மீட்டுக் கொடுத்தார்.

அக்காட்சியை அடையும் வழியில் திசை தவறாமலிருக்க நிலையான அடையாளங்கள் வேண்டும். இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. பித்தப்பை இழுத்த இழுப்புக்கு வரும். நாளங்களும் அதனோடு நகரும். நகர்வனவற்றை வைத்துத் திசை காணல் இயலாது. கொலாபாவின் தென்கோடிக் கடலில் நிற்கும் கலங்கரை விளக்கம் அசையாமல் நிற்பதனால்தான் கலங்களுக்கு வழிகாட்டுகிறது. வயிற்றினுள்ளும் அத்தகைய விளக்கம் ஒன்று உண்டு. கல்லீரலின் அடிப்புறத்தில், பித்தப்பைக் கழுத்துக்கு அருகே, வலப்புறம் நோக்கி ஓடும் பிளவு ஒன்றைப் பிரெஞ்சு உடற்கூற்று அறிஞர் ஹென்றி ரூவியே 1924-இல் விவரித்தார். பெரும்பாலோரிடம் அது தெளிவாகக் காணப்படும். நீண்ட நாள் உடற்கூற்று நூல்களுக்குள் உறங்கிக் கிடந்த அப்பிளவை, ஆஸ்திரேலியாவின் தாமஸ் ஹியூ என்பவரும் அவரைச் சேர்ந்தோரும் 1997-இல் அறுவைக் கூடத்துக்குக் கொண்டுவந்தனர். பொதுப் பித்தநாளம் அப்பிளவின் மட்டத்திலோ அதற்குக் கீழோ இருக்கும். ஆதலால் பிளவுக்கு மேற்புறமே கருவி இயங்க வேண்டும் என்பது அவர்கள் கூறிய விதி. 2002-இல் ஹியூ மற்றொரு கட்டுரை எழுதி, அறுவை மருத்துவர் விமானிகளிடம் பாடம் கற்கலாம் என்றார். திசை மயங்கும்பொழுது விமானி தம் உள்ளுணர்வை நம்பாமல் நிலையான குறிகளைச் சரிபார்ப்பது போல, மருத்துவரும் செய்தல் வேண்டும் என்பது கருத்து.

கனடாவின் கல்கரி நகரத்துச் சதர்லண்டும் பாலும் 2015-இல் இதனை மேலும் விரித்து ஐந்து குறிகளைத் தொகுத்தனர்: பொதுப் பித்தநாளம், ரூவியே பிளவு, கல்லீரல் தமனியின் துடிப்பு, கல்லீரலின் இடப்புறத்தில் தொப்புட்கொடி நாண் தங்கும் பிளவு, முன்சிறுகுடல். இவற்றை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டால், தாம் எங்கு நிற்கிறோம் என்பது மருத்துவருக்கு விளங்கும். ரூவியே பிளவிலிருந்து தொப்புட்கொடிப் பிளவு வரை கற்பனையாக ஒரு கோடு இழுத்தால், அதற்கு மேற்பட்டது கருவி இயங்கத்தக்க பகுதி, கீழ்ப்பட்டது இடர்ப்பகுதி. கோட்டுக்குக் கீழே வேலை நடக்கிறது என்று தெரிந்தவுடன் கையை நிறுத்தல் வேண்டும்.

ஐயம் எஞ்சினால் வேறு துணைகளும் உள. அர்ஜென்டினாவின் பப்லோ மிரிஸி என்பவர் 1931-லேயே, அறுவை நடக்கும்பொழுதே நாளங்களில் மருந்து செலுத்தி எக்ஸ்ரேப் படம் எடுக்கும் முறையைத் தொடங்கினார். அண்மைக் காலத்தில், இண்டோசயனைன் பச்சை என்னும் சாயத்தைக் குருதியில் செலுத்தி, அது பித்தநீரோடு வெளிப்படும்பொழுது சிறப்புக் கேமிராவால் நாளங்கள் ஒளிர்வதைக் காண்கின்றனர். வெட்டுமுன் ஒரு நிமிடம் நிறுத்தி, உடனிருப்போரிடம் திரையைக் காட்டி, இவை இரண்டுதாமா என்று கேட்பது செலவில்லாத துணை. பயனில் எதற்கும் குறைந்ததன்று.

பின்வாங்குதல் தோல்வியன்று

இத்துணை முயன்றும் அக்காட்சி கிட்டாத நோயாளிகள் உண்டு. நாட்பட்ட அழற்சியால் முக்கோணம் கல்போல் இறுகி, எது நாளம், எது நார் என்று தெரியாமல் ஒட்டிக்கிடக்கும். அத்தகைய இடத்தில் முன்னேறுதல் வீரமன்று. 2018-இல் வெளிவந்த டோக்கியோ வழிகாட்டி நெறிகள், பாதுகாப்புக் காட்சி கிட்டாதபொழுது மாற்று வழிகளுக்குத் திரும்புமாறு அறிவுறுத்துகின்றன. வயிற்றைத் திறந்து செய்தல் ஒரு வழி. மேற்புறத்திலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கிப் பிரித்து வருதல் ஒரு வழி. பித்தப்பையைத் திறந்து கற்களை எடுத்து, இடர்ப்பகுதியை ஒட்டிய சிறு பகுதியை மட்டும் உள்ளே விட்டுவிட்டு மிகுதியை அகற்றுதல் மற்றொரு வழி. இக்கடைசி முறையை ஈரல் சுருங்கிய நோயாளருக்கு நுண்துளை வழியாகவே செய்யும் வகைகளை, கோயம்புத்தூரின் சி. பழனிவேலுவும் அவர் குழுவினரும் 2006-இல் அமெரிக்க அறுவை மருத்துவக் கல்லூரியின் இதழில் விளக்கி எழுதினர். கொங்கு நாட்டுத் தமிழர் ஒருவரின் பணி உலக மருத்துவ நூல்களில் இடம்பெற்றது கண்டு நாம் மகிழலாம்.

பாதிப் பித்தப்பையை உள்ளே விட்டவர் வேலையை அரைகுறையாகச் செய்தவர் அல்லர். வயிற்றைத் திறந்தவர் கைத்திறன் இல்லாதவர் அல்லர். ஐயம் தீராத இடத்தில் கத்தரியை வைக்காதவர் அவர். ஈடன் பட்ட துன்பம் தம் நோயாளிக்கு வரலாகாது என்று நினைத்தவர் அவர். இதுவே இந்த நூற்று நாற்பது ஆண்டு வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளும் பாடம். கேமிரா வந்தது, துளை சிறுத்தது, சாயம் ஒளிர்ந்தது. இவை அனைத்தினும் பெரியது, தெளிவாகக் காணுமுன் வெட்டேன் என்னும் உறுதி.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நம் குடும்பத்தில் ஒருவருக்கு இவ்வறுவை நேரும்பொழுது, எத்தனை துளை, வடு எவ்வளவு, எத்தனை நாளில் வீடு என்னும் வினாக்களையே நாம் முதலில் கேட்கிறோம். அவற்றைக் கேட்பதில் தவறில்லை. அவற்றோடு மற்றொரு வினாவையும் சேர்த்துக் கேட்போம்: "உள்ளே தெளிவாகத் தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள், டாக்டர்?" நல்ல மருத்துவர் அவ்வினாவால் முகம் சுளியார். நிறுத்துவேன், திறப்பேன், துணைக்கு மூத்தவரை அழைப்பேன் என்று விடை கூறுவார். அவ்விடையைக் கேட்டபின், "தேவையானால் தயங்காமல் திறந்து செய்யுங்கள், நாங்கள் வருந்தமாட்டோம்" என்று குடும்பத்தார் கூறிவிட்டால், அவர் கைக்கு அதனினும் சிறந்த வலிமை வேறில்லை. வெளியே காத்திருப்போரின் முகக் கோணலுக்கு அஞ்சி உள்ளே ஒருவர் துணிந்துவிடக் கூடாது அல்லவா?

வீடு திரும்பிய பின் கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. இவ்வறுவை செய்துகொண்டவர் நாளுக்கு நாள் தேறி வர வேண்டும். மாறாக, வயிற்று வலி கூடினாலோ, காய்ச்சல் கண்டாலோ, கண்ணில் மஞ்சள் படர்ந்தாலோ, துளையின் வழியே பித்தநீர் கசிந்தாலோ, கஷாயம் வைத்துப் பார்ப்போம் என்று நாள் கடத்தாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். பித்தநாளக் காயம் நேர்ந்திருந்தாலும், காலத்தில் கண்டுபிடித்து, அதில் தேர்ந்தவரிடம் சீரமைத்துக்கொண்டால் நலம்பெற வழியுண்டு.

தொடக்கத்தில் கூறிய பெரியவர் பத்து நாள் மருத்துவமனையில் இருந்து வீடு திரும்பினார். மகன் பின்னர் அம்மருத்துவரை நேரில் கண்டு வணங்கி வந்தார் என்று அறிகிறோம். பெரியவர் இன்றும் ஞாயிறுதோறும் மாலையில் நம் நூல்நிலையத்து மேசைக்கு வந்து அமர்கிறார். வடுவைப் பற்றி எவரேனும் கேட்டால், "பெரிய வடுதான், ஆனால் அன்று அந்த மனிதர் தெரியவில்லை என்று வாய் திறந்து சொன்னாரே, அது எத்தனை பேருக்கு வரும்?" என்பார். பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரும்பி வராத நூல்களின் பட்டியலை எடுத்து வைத்துக்கொள்வார். அப்பட்டியலில் நம் பெயரும் உண்டு என்பதை இங்கே ஒப்புக்கொண்டு, இக்கட்டுரையை நிறைவு செய்கிறோம்.